எழுதாமல் விட்ட இடம்

இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் தாளம் சாவு மேளம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரவர் காதுக்குள் போய்விட்டது. பெரம்பூரில் எங்கள் தெருவில் யாராவது இறந்து, மேளக்காரர்கள் வந்து நின்று அடிக்கும்போது, பால்கனிகளில் நிற்கிற எல்லோருடைய கால்களும் ஒரே நேரத்தில் அசைகின்றன. துக்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். வெளியே சொன்னால் உதைக்க வருவார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெசிந்தா. 'அதிர்வு' என்ற இணைய இதழில் வெள்ளிக்கிழமைதோறும், புதிதாக வெளியாகும் எலக்ட்ரோ, ஆசிட் நடன இசைக்கு விமர்சனம் எழுதுகிறவள். ஆசிட் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். எலக்ட்ரோ என்பது டிரம் மெஷினைக் கொஞ்சம் நொண்டவிட்டு, அந்த நொண்டலுக்கு மனிதர்களை ஆடவைப்பது. ஆசிட் என்பது ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வரும் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை, அதன் மேலிருக்கும் திருகைத் திருகித் திருகி அழவைப்பது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வெயிட் கிடந்து முனகுமே, அந்த முனகலுக்குத் தாளம் போட்டால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அதுதான். கேவலமாகத்தான் தெரியும். கூட்டத்தில் நின்று ஒருமுறை கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டம் என்பதே இப்போது இல்லை. போன வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நடன அரங்குக்குப் போயிருந்தேன். உள்ளே நல்ல கும்பல். எல்லோர் காதிலும் இயர்பட். ஒவ்வொருவரும் தன் காதுக்குள் ஓடுவதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குதிக்கும்போது இன்னொருவர் நிற்கிறார், ஒருவர் கையைத் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் முழங்கை படுகிறது. செருப்புத் தேயும் ஓசையும் "சாரி, சாரி" என்ற முணுமுணுப்பும்தான் அந்த அரங்கில் பொதுவாகக் கேட்டவை. நானும் கொஞ்ச நேரம் என் பாட்டுக்கு ஆடிப் பார்த்தேன். அழுகை வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் எங்கள் இதழின் ஆசிரியர் இம்தியாஸ், புரசைவாக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு வரச்சொன்னான். என்னைவிட ரொம்பச் சின்னவன். மரியாதையுள்ள பையன், அதனால்தான் கெட்ட செய்தியை போனில் சொல்லாமல் நேரில் சொல்லக் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, கோபப்படாம கேளுங்க. உங்க பகுதியை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருக்கு. ஆனா யாருக்கு எழுதுறீங்க, சொல்லுங்க. முன்னாடி ரிலீஸ் ஆனது பாட்டு. இப்ப ரிலீஸ் ஆகுறது விதை. வெள்ளிக்கிழமை காலைல விதை இறங்குது. உங்க நாடி எப்படி அடிக்குது, நேத்து தூங்கினீங்களா, எந்த இடத்துல மூச்சைப் பிடிச்சீங்க, எல்லாத்தையும் இயர்பட் பார்த்து, அதுக்கேத்த மாதிரி பாட்டை வளர்த்துக் குடுக்குது. உங்களுக்கு வளர்ற பாட்டு எனக்கு வளராது. நீங்க ரெவ்யூ எழுதுற பாட்டை உலகத்துலயே கேட்ட ஒரே ஆள் நீங்கதான். படிக்கிறவன் போய்ப் போட்டுப் பார்த்தா அவனுக்கு வேற என்னமோ வருது."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா இம்தியாஸ்?"

"தெரிஞ்சும் எழுதுறீங்களே, அதுதான் எனக்குப் புரியல."

எனக்கு மட்டும் புரிந்ததா என்ன. என் கணவர் ஸ்டீபனும் நானும் பிரிந்ததற்கு யாராவது காரணம் கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. சண்டை கிடையாது, சந்தேகம் கிடையாது. ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு வேறு பாட்டுகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். "இந்த இடம் எப்படி" என்று கேட்டால், "எந்த இடம்?" என்பார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டேன். அவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது வீட்டில் சத்தம் குறையவில்லை, ஏனென்றால் முன்பும் சத்தம் இல்லை.

"இம்தியாஸ், நான் கேட்கிறதையே கேட்கிற ஒருத்தர் இருக்கார்," என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "சும்மா சொல்லாதீங்க."

"ஈரோட்டுல. தீரன்னு பேர். ரொம்ப வருஷமா என் பகுதியைப் படிக்கிறார். ஒவ்வொரு ரெவ்யூவுக்கும் எழுதுவார்."

"நீங்க எழுதினதையே திருப்பி எழுதுவார். ஆமாம் மேடம், அருமை மேடம்னு."

"இல்லை. நான் எழுதாததை எழுதுறார்."

இதைப் புரிந்துகொள்ள என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் விமர்சனம் எழுத ஆரம்பித்த காலத்திலிருந்தே, ஒரு வெளியீட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு இடத்தை எழுதாமல் விட்டுவிடுவேன். பாட்டைக் கேட்கிறவர் தானாக அந்த இடத்தில் போய் இடித்துக்கொள்ளட்டும், அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்கிற எண்ணம். விதை வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு அர்த்தமே இல்லை. என் இடம் வேறு யாருக்கும் வரப்போவதில்லை. இருந்தாலும் கை பழகிவிட்டது, விட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் 'கழிமுகம்' என்று ஒரு ஆசிட் வெளியீடு வந்தது. 'மின்னாமை' என்ற பெயரில் வேளச்சேரியில் ஒருவர் செய்வது. அதன் மூன்றாவது பாட்டில், எனக்கு வளர்ந்த பாட்டில், பேஸ் தாழ்ந்து தாழ்ந்து போய் அடி நின்றுவிடும். மறுபடி அடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு. யாரோ பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி. அதைக் கேட்டபோது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அந்தப் பத்தியில், சுவரைத் துளைத்துக்கொண்டே இருக்கும் மாடிவீட்டுக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலையே தீரனிடமிருந்து செய்தி வந்தது. "மேடம், மூணாவது பாட்டுல அடி நின்னு திரும்ப வர்றதுக்கு முன்னாடி, யாரோ பேச வந்துட்டுப் பேசாம விட்ட மாதிரி ஒரு மூச்சு வருதுங்ளா? நீங்க அதைத்தான் எழுதாம விட்டிருக்கீங்கன்னு நெனைக்கிறேன்."

இம்தியாஸ் அந்தச் செய்தியை என் போனில் படித்தான். மறுபடி மேலே போய்ப் படித்தான். அதற்கு முந்தைய செய்திகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"இதெல்லாம் சரியா சொல்லியிருக்காரா?"

"பெரும்பாலும் சரி."

"அக்கா, ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வளரவே வளராதுன்னு அந்தக் கம்பெனி சத்தியம் பண்ணிட்டு இருக்கு. அதை வெச்சுதான் விக்கிறாங்க. இது மட்டும் நிஜம்னா, உங்க பகுதியை நிறுத்துறது என்ன, முதல் பக்கத்துல போடுறேன். போய் அந்த ஆளைப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேளுங்க. எழுதுங்க."

பகுதி நிற்கிறதா போகிறதா என்பதைவிட எனக்கு வேறொன்று முக்கியமாகிவிட்டது. பக்கத்தில் ஒருவர் இருக்க, அந்த இடம் வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசை மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பல வருடங்களாக ஏங்கியிருக்கிறேன் என்பது அந்தக் காபிக் கடையில்தான் எனக்கே தெரிந்தது.

தீரனுக்கு எழுதினேன். போனில் பேசலாமா என்று முன்பு கேட்டபோதெல்லாம் "எழுத்துலயே பேசிக்கலாங்க மேடம்" என்று நழுவியிருக்கிறார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நேரில் வருகிறேன் என்றதும், "வேண்டாங்க, வந்தா ஏமாந்து போயிருவீங்க" என்று பதில் வந்தது. நான் விடவில்லை. கடைசியில் ஒரு வண்ண மீன் கடையின் முகவரியை அனுப்பினார். கூடவே, "மத்தியானம் வந்தீங்கன்னா கூட்டம் இருக்காதுங்க" என்றும் எழுதியிருந்தார்.

ஈரோட்டில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சூரம்பட்டிப் பக்கம் ஒரு சந்தில் கடை இருந்தது. வாசலில் வலைகளும் பிளாஸ்டிக் செடிகளும் தொங்கின. உள்ளே போனால் குளிர்ச்சி, நீல வெளிச்சம், சுவர் முழுக்கத் தொட்டிகள். கல்லாவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். கடையின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் தொட்டிக்குள் கையை விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னங்கழுத்தில் நரை.

"தீரன்?" என்றேன்.

திரும்பவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சத்தமாக, "தீரன் சார், நான் ஜெசிந்தா, சென்னையில இருந்து," என்றேன்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். "வாங்க மேடம். நான் யுவராணி, அவரு வீட்டுக்காரிங்க. நீங்க முன்னாடி போயி நில்லுங்க. கூப்பிட்டா அவருக்குக் கேக்காதுங்க."

"இயர்பட் போட்டிருக்காரா?"

"இல்லைங்க. காது கேக்காது. ரெண்டு காதும். உங்ககிட்டச் சொல்லலைங்ளா?"

பக்கத்துத் தொட்டியில் ஒரு தங்கமீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கும் அதே கதிதான்.

யுவராணி போய் அவர் தோளைத் தொட்டார். அவர் திரும்பி, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பும் பயமுமாக வந்தார். குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. "வாங்க மேடம். சொல்லோணும் சொல்லோணும்னு நெனைச்சேனுங்க. சொன்னா எழுதறதை நிறுத்திப்போடுவீங்களோன்னு பயம்."

ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். நான் பேசுவது அவர் போனில் எழுத்தாக ஓடியது. அதைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

"எப்போதிருந்து?" என்றேன்.

"காலேஜு கடைசி வருசத்துல மூளைக்காய்ச்சல் வந்துச்சுங்க. காதுக்குப் போற நரம்பே போயிருச்சு. மெஷின் வெச்சாலும் பிரயோசனம் இல்லைன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருந்தப்ப இந்தப் பாட்டுன்னா உசுருங்க. ஆசிட் போட்டுட்டு ரூமுக்குள்ள ஆடுவோம். வார்டன் வந்து ஃபியூஸைப் புடுங்குவாரு. கேட்ட பாட்டெல்லாம் இன்னும் தலைக்குள்ள அப்படியே இருக்குது. புதுசா மட்டும் ஒண்ணும் வராதுல்லங்க. அப்பத்தான் உங்க எழுத்தைப் படிச்சேன்."

"அப்ப அந்த மூச்சு? அதை நான் எழுதவே இல்லையே."

அவர் சிரித்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "நீங்க நல்லாப் பாட்டைப் பத்தி எழுதிட்டே வந்து, திடீர்னு சம்பந்தமே இல்லாம தண்ணி லாரியைத் திட்டுவீங்க. இல்லாட்டி மேல்வீட்டுக்காரரைத் திட்டுவீங்க. அங்க என்னமோ ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அப்புறம் அதுக்கு முன்னாடி வர்ற வாக்கியமெல்லாம் சின்னச் சின்னதா ஆயிரும். உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு தெரியும். அந்த வாரம் நீங்க எப்படி இருக்கீங்கன்னு மத்ததை வெச்சுப் புரிஞ்சுக்குவேன். அதுல இருந்து அந்த இடத்துல என்ன வந்திருக்கும்னு யோசிப்பேனுங்க. யோசிச்சா கேக்கும்."

"வெள்ளிக்கிழமையானா யாவாரமே பாக்க மாட்டாருங்க," என்றார் யுவராணி. அதில் புகார் எதுவும் இல்லை. "அதா, அந்தப் பெட்டி மேல கையை வெச்சுட்டு உங்க எழுத்தைக் கண்ணுக்கு எதுக்கால வெச்சு உக்காந்துக்குவாரு. நான் போயித் தட்டினா, இரு, பாட்டுக் கேட்டுட்டு இருக்கேன்னு சொல்லுவாரு."

பெட்டி தொட்டிகளுக்கு அடியில் இருந்த பலகையில் இருந்தது. கறுப்பு நிறம், அரிசி டப்பா அளவு. காது கேளாதவர்களுக்காக அந்தக் கம்பெனி கொடுக்கும் அதிர்வுப் பெட்டி என்று தீரன் சொன்னார். வெளியாகும் எல்லா விதைகளும் அதிலும் இறங்குமாம். "காது இல்லைன்னா எதைப் பாத்து வளக்கும்? அதனால விதையை அப்படியே ஓட்டுதுங்க. எனக்கு அடி மட்டும் தெரியும், பேஸு கொஞ்சம் தெரியும். மிச்சத்துக்கு நீங்க இருக்கீங்க."

இத்தனை வருடமாக விமர்சனம் எழுதுகிற நான், ஒரு விதையை விதையாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. காது கேட்கிறவர்களுக்கு இயர்பட்டுக்கு வெளியே அது திறக்காது.

"'கழிமுகம்' போடுறீங்களா? மூணாவது," என்றேன். இயர்பட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

தீரன் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி அதிர்ந்து, என் காதுக்கும் கேட்கிற சத்தத்தில் அடிக்கத் தொடங்கியது. தொட்டிகளில் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன. மீன்கள் பழகிப்போய்ப் பேசாமல் இருந்தன.

அடி இருந்தது. அதன் மேல் ஒரு பேஸ் வரி, சில சுரங்கள், அதுவே மறுபடி, அதுவே மறுபடி. திருகை யாரும் திருகவில்லை. பேஸ் அழவில்லை, தாழவில்லை. வேளச்சேரிக்காரர் அந்தச் சில சுரங்களைப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கேட்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுந்து போயிருந்தார். ஓரிடத்தில் அடி நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தேன். காற்று மோட்டாரின் குமிழிச் சத்தம் கேட்டது. அடி மறுபடி தொடங்கியது.

அந்த மூச்சு அங்கே இல்லை.

அது எனக்காக, என் நாடியையும் தூக்கத்தையும் பார்த்து, என்னிடமிருந்தே எடுத்துச் செய்து கொடுக்கப்பட்டது. பேச வாயெடுத்து வேண்டாம் என்று விட்டது நான்தான். அதை அந்த இயந்திரம் என் உடம்பிலிருந்து படித்தது, இந்த மனிதர் என் எழுத்திலிருந்து படித்தார். இரண்டு பேரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாட்டு என்று நடுவில் எதுவுமே இல்லை. இத்தனை வருடமாக நான் பாராட்டி எழுதிய அத்தனை பேரின் அத்தனை வெளியீடுகளும் நான் மட்டும்தான் என்றால், என் அறையில் நான் நினைத்ததைவிடவும் தனியாக இருந்திருக்கிறேன். எனக்குத் தாங்க முடியவில்லை.

தீரன் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். "அந்த இடம் வந்துச்சுங்ளா மேடம்? இருக்குதுங்ளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் போனில் எழுத்தாக ஓடிவிடும் என்று பயமாக இருந்தது.

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுவராணி என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. தக்காளி ரசமும் அவரைக்காய்ப் பொரியலும். கிளம்பும்போது தீரன் உள்ளே போய்த் துணியில் சுற்றிய இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தார். "பழசுங்க, ஆனா நல்லா வேலை செய்யும். எம் பேருலதான் இருக்குது. நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் எப்படிக் கேக்கறேன்னு உங்களுக்கும் தெரியட்டும்." வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இம்தியாஸுக்கு போன் செய்தேன். "ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்கலை," என்றேன். தீரனைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதைத்தான் முதல் பக்கத்தில் போடுவான்.

"சரிக்கா. இந்த வெள்ளிக்கிழமை கடைசியா ஒண்ணு எழுதிக் குடுங்க. முடிச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை புதிய விதைகள் இறங்கின. நான் இயர்பட்டைத் தொடவில்லை. பெட்டியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, வந்த எலக்ட்ரோவையும் ஆசிட்டையும் ஒன்று விடாமல் ஓட்டினேன். எல்லாம் ஒரே கதைதான். ஒரு அடி, ஒரு வரி, முடிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே எழுதினேன். இந்த வாரம் வந்தவற்றில் என்ன இருக்கிறது, எத்தனை சுரம், எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது, எல்லாவற்றையும் எழுதினேன். இவற்றில் வேறொன்றும் இல்லை, உங்களை அழவைத்த இடம் இதில் இல்லை, அது நீங்கள்தான், இசைக்கலைஞர்கள் பாட்டை முடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று எழுதினேன். மாடிவீட்டுக்காரரைத் திட்டவில்லை. எந்த இடத்தையும் ஒளித்துவைக்கவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு நேர்மையாக ஒரு விமர்சனம் எழுதியதில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

தீரன் இதைப் படிப்பார் என்பது நினைவில் இல்லாமல் இல்லை. ஈரோட்டில் தலையாட்டிப் பொய் சொல்லிவிட்டு வந்தது உறுத்திக்கொண்டிருந்தது. என்னை அவ்வளவு கவனமாகப் படிக்கிற மனிதருக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் இம்தியாஸ் கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது.

"அக்கா, என்ன எழுதியிருக்கீங்க, ஊரே படிச்சிட்டு இருக்கு. எல்லாரும் பகிர்றாங்க. விதையை அப்படியே கேட்கணும்னு கம்பெனியைப் போட்டுக் கேள்வி கேட்குறாங்க. மின்னாமை உங்களைத் திட்டி ஒரு பதிவே போட்டிருக்கார்."

"அப்படியா."

"பகுதி நிக்காதுக்கா. வாரா வாரம் இதே மாதிரி, பெட்டியில கேட்டு எழுதுங்க. இப்பதான் எல்லாருக்கும் பொதுவா ஒரு பாட்டைப் பத்தி எழுதியிருக்கீங்க. சந்தோஷம்தானே?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, நான் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க முடியும் என்ற நிலை வந்திருக்கிறது. டீ போட்டுக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்து, வந்து குவிகிற செய்திகளைப் படித்தேன். பாராட்டுகள், வசவுகள், "நானும் அழுதிருக்கேன், அப்ப அது நானேதானா?" என்று ஒரு கல்லூரிப் பெண். ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டே வந்தேன். யாருடைய செய்திக்காக அப்படித் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

வழக்கமாக அவர் எழுதும் நேரம் தாண்டி, ராத்திரிதான் வந்தது.

"மேடம், வணக்கமுங்க. நீங்க எழுதினதை நாலஞ்சு தடவை படிச்சுட்டேன். பெட்டி மேல கையையும் வெச்சுப் பாத்தேன், அடி மட்டும் வருது. இந்த வாரம் எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க. உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"